இலை கடைசியாகத்தான் உதிரும்!

எங்கள் கிராமத்தில் இலையுதிர்காலம் வந்துவிட்டதை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று எனக்கும் பக்கத்து வீட்டு முசியேவுக்கும் வருஷா வருஷம் ஒரு போட்டி உண்டு.

பரிசு என்று பெரிதாக எதுவும் கிடையாது. தோற்றவர், ஜெயித்தவருக்கு ஒரு கூடை வால்நட்டை உடைத்துப் பருப்பெடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டு வருடமாக அந்தக் கூடையை உடைத்தது நான்தான்.

இந்த வருஷம் நான் ஜெயித்தேன். அந்த வெற்றி எப்படி வெட்கத்தில் போய் முடிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் தென்மேற்கில் தோர்தோன் என்று ஒரு மாவட்டம். அங்கே வெசேர் ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் மேடேறினால் எங்கள் கிராமம். 1940-ல் கண்டுபிடித்த லாஸ்கோ குகை ஓவியங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் குகை இருக்கிற பக்கம்தான். கிராமம் என்றால் முப்பது வீடுகூட இருக்காது. வால்நட் தோப்பு, சூரியகாந்தி வயல், ஓக் காடு, ஒரு சின்ன தேவாலயம். அவ்வளவுதான்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அதனால் 'முசியே', 'மதாம்' எல்லாம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்த் தாத்தாக்கள் வாயிலேயே கேட்டு வளர்ந்த சொற்கள். கல்யாணமாகிப் பாரிஸ் பக்கம் சில வருடங்கள் இருந்தோம். வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்து மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தோம். இதோடு ஒன்பது வருடம்.

வந்த முதல் வருஷம், இலையுதிர்காலத்துக்காக ஜன்னலோரம் காத்துக்கிடந்தேன். சினிமாப் பாட்டில் பார்த்திருக்கிறோமே... சிவப்பு, மஞ்சள் இலைகள் மேலிருந்து கொட்டும், கதாநாயகி கையை விரித்துக்கொண்டு சுற்றுவாள். நம் ஊரிலும் இலை உதிரும்தான். மாசி, பங்குனியில் வேப்பிலை வாசலை நிறைக்கும். அதை யாரும் ரசித்ததாக ஞாபகம் இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே பெருக்குவோம்.

அக்டோபர் கடைசியில் ஒருவழியாக இலைகள் மஞ்சளாயின. நான் குதித்துக்கொண்டு ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முசியேவிடம், "இலையுதிர்காலம் வந்துவிட்டது!" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மதாம், அது வந்து இரண்டு மாதமாகிறது. இலை கடைசியாகத்தான் உதிரும். அதற்கு முன்னால் எவ்வளவோ நடக்கும். நீங்கள் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தார்.

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து போட்டி ஆரம்பம்.

முசியேவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. நான்கு வருடம் முன்பு மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் போர்தோ நகரத்தில். வால்நட் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஐந்தாறு மரங்களை மட்டும் தனக்கென்று வைத்திருக்கிறார். வருஷக் கடைசியில் தபால்காரர் வீடு வீடாகக் கொண்டுவருகிற நாட்காட்டி ஒன்று அவர் சமையலறைக் கதவில் தொங்கும். ஒவ்வொரு அடையாளத்தையும் பென்சிலால் அதில் குறித்து வைப்பார். பஞ்சாயத்துக்கு அதுதான் ஆதாரம்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதல் அடையாளம், மின்கம்பியில். ஆகஸ்ட் கடைசியில் தகைவிலான் குருவிகள் கம்பியில் வரிசையாக உட்கார ஆரம்பிக்கும். தொழுவத்து உத்திரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தவை, ஊருக்குக் கிளம்பப்போகும் கூட்டுக்குடும்பம் மாதிரி கூடிக்கூடிப் பேசும். ஒரு காலையில் கம்பி காலியாக இருக்கும். ஒரு குருவியின் எடை சுமார் 20 கிராம்தான். அதை வைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலைத் தாண்டி, சகாரா பாலைவனத்தையும் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. நம் ஊர் மின்கம்பிகளிலும் மழைக்காலத்தை ஒட்டி இதே இனம் வந்து உட்காரும். அவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. ஊரில் வருகைக்கு அடையாளமாக நான் பார்த்த குருவி, இங்கே பிரிவுக்கு அடையாளம். முதல் முறை காலிக் கம்பியைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

இரண்டாவது, சூரியகாந்தி. ஜூலையில் நிமிர்ந்து நின்ற பூக்கள் கறுத்துப்போய்த் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். கார்ப் பயணிகள் நிறுத்திப் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் விதை முற்றியிருப்பது அப்போதுதான்.

மூன்றாவது, வீட்டுக்குள். செப்டம்பரில் பெரிய பெரிய எட்டுக்கால் பூச்சிகள் குளியலறையிலும் கட்டிலடியிலும் ஓடும். குளிருக்குப் பயந்து உள்ளே வருகின்றன என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை, ஆண் பூச்சிகள் ஜோடி தேடி அலையும் காலம் அது. இதைச் சொன்னதும் என் பெண், "பாவம்மா, அடிக்காதே" என்று துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டாள்.

நான்காவது, புல்வெளியில். இலையே இல்லாமல் தரையிலிருந்து நேரே ஊதா நிறப் பூ ஒன்று முளைக்கும். கொல்ஷிக் என்பார்கள். பார்க்க அப்பாவி, உடம்பு முழுக்க விஷம். அதிலிருக்கும் கொல்கிசின்தான் கீல்வாத வலிக்கு மருந்தும்கூட. நம் செங்காந்தள் இருக்கிறதே, தமிழ்நாட்டின் மாநில மலர், அதிலும் இதே கொல்கிசின் இருக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இதை முசியேவிடம் சொன்ன அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை மதித்துத் தலையாட்டினார்.

அப்புறம் வரிசையாக வரும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் விடியற்காலை மூடுபனி பால் கொப்பரை மாதிரி நிற்கும். கல்சுவரில் படர்ந்த ஐவி கொடி பூக்கும். மற்ற பூக்கள் ஓய்ந்த நேரத்தில் தேனீக்களுக்குக் கடைசிப் பந்தி அது. ஞாயிற்றுக்கிழமை காட்டிலிருந்து வேட்டைத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். நடக்கப் போகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் உடுத்திக்கொள்ள வேண்டும். மழை பெய்து வெயில் அடித்தால், கூடையோடு கார்கள் காட்டோரம் நிற்கும். செப் என்கிற காளானைத் தேடி வந்தவர்கள். எந்த இடத்தில் பறித்தோம் என்று பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். சந்தேகமான காளானை மருந்துக்கடைக்கு எடுத்துப்போய்க் காட்டலாம். இங்கே மருந்தியல் படிப்பில் காளானும் ஒரு பாடம்.

பிறகு வால்நட். பச்சைத் தோல் வெடித்துக் கொட்டை 'டொக்'கென்று விழும். பொறுக்கினால் தோலின் சாறு பட்டு விரல்கள் கறுத்துப்போகும். எந்த சோப்புக்கும் மசியாது. ஒரு வாரம் கறுத்த கையோடுதான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். மற்ற அம்மாக்கள் கையும் அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இலை. ஜூனில் பதினைந்தரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பரில் ஒன்பது மணி நேரத்துக்கும் கீழே வந்துவிடும். செப்டம்பர் கடைசியில் தினம் மூன்று நிமிடம் குறையும். அந்தக் கணக்கு மரத்துக்குத் தெரியும். இலையிலிருந்து பச்சையம் வடியும். மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை; வசந்தத்திலிருந்தே இலைக்குள் இருந்ததுதான். பச்சை போனதும் நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 27. காலையில் குப்பை போட வெளியே வந்தவள், கம்பியில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு குருவி! ஓடிப்போய் முசியே கதவைத் தட்டினேன். அவர் மெதுவாகத்தான் வந்து திறந்தார்.

"குருவி கூடிவிட்டது. நான்தான் முதல்!"

"அப்படியா... நல்லது" என்றார்.

சண்டை போடுவார், 'நேற்றே நான் பார்த்தேன்' என்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. எட்டிப்பார்த்தேன். நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதம் முழுக்க வெறுமையாக இருந்தது. 'வயசாயிடுச்சு, தோத்துட்டார்' என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கொல்ஷிக் பூவை முதலில் பார்த்தது நான். முதல் மூடுபனி நான். ஒரு காலையில் பையனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, முசியேவின் விறகுக் கொட்டகை முகப்பில் பெரிய சிலந்தி வலை. இழையெல்லாம் பனித்துளி, முத்துமாலை மாதிரி. ஃபோனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அக்கா இதயம் அனுப்பினாள். புதுச்சேரியிலிருந்து அம்மா ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினார்.

செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி திடீரென்று ஐந்து டிகிரிக்கு இறங்கிவிட்டது. வருஷத்தின் முதல் கணப்பு. ஊரில் எல்லாப் புகைபோக்கியிலும் புகை. ஓக் விறகுப் புகையின் வாசனையே தனி. அதை அனுபவிக்கத் தோட்டத்தில் வந்து நின்றேன்.

முசியே வீட்டுப் புகைபோக்கியில் மட்டும் புகை இல்லை.

தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. ஏதோ உறுத்தியது. ஃபோனை எடுத்து அந்தச் சிலந்தி வலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலைக்குப் பின்னால் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பழைய கூடையும் தூங்கும் பூனையும். விறகு? ஒரு கட்டைகூட இல்லை.

அடிவயிறு சில்லிட்டது. இங்கே விறகை 'ஸ்தேர்' கணக்கில் வாங்குவார்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஸ்தேர். முசியே வருஷா வருஷம் எட்டு ஸ்தேர் வாங்குவார். ஆகஸ்ட் 15-க்குள் கொட்டகையில் கூரைவரை அடுக்கி முடித்துவிடுவார். அவருடைய இலையுதிர்காலத்தின் முதல் அடையாளமே அதுதான். அந்தக் காலிக் கொட்டகையை ஒரு மாதமாகத் தினம் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். படம்கூடப் பிடித்திருக்கிறேன். வந்ததையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். வராமல் போனதைப் பார்க்கவில்லை.

சூடாக சூப் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "ஏன் விறகு வாங்கவில்லை?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு வலது தோளைத் தொட்டுக் காட்டினார். வசந்தகாலத்திலிருந்தே கை தோளுக்கு மேலே போகவில்லையாம். "டிராக்டர் வாசலில் கொட்டிவிட்டுப் போய்விடும், மதாம். அது அங்கேயே கிடக்கும். ஊரே பார்த்துக்கொண்டு போகும்."

"மகளிடம் சொன்னீர்களா?"

"சொன்னால் போர்தோவுக்கு வரச்சொல்வாள். நான்காவது மாடியில் வீடு. அங்கே என்ன தெரியும்?"

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்கவில்லையே" என்றார். கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருடமாவது காய்ந்த ஓக் விறகுதான் நன்றாக எரியும். செப்டம்பர் கடைசியில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டுக்காரர் நான்கு பேரிடம் விசாரித்து ஐந்து ஸ்தேர் பிடித்தார். இரண்டு ஸ்தேர் எங்கள் கொட்டகையிலிருந்து கொடுத்தோம். தோளை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. காசு வாங்க மாட்டோம் என்றதற்குக் கதவைச் சாத்தப் போனார், வாங்கிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை டிராக்டர் வந்து கொட்டியது. நாங்கள் நால்வரும் அடுக்க, முசியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தார். "பட்டை மேலே இருக்கட்டும், மழைச் சாரல் வழிந்துவிடும். அதைத் திருப்பு. ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாக வை, இல்லாவிட்டால் சரியும். மதாம், இது விறகு, புத்தக அலமாரி இல்லை. காற்று போக இடம் விடுங்கள்!" ஒரு வரிசையை மூன்று தடவை பிரிக்கவைத்தார். என் பையன், "அம்மா, இவர் நம்ம கணக்கு மிஸ்ஸைவிட மோசம்" என்று தமிழில் முனகினான். சாயந்திரம் அவர் புகைபோக்கியில் புகை வந்தது. முதுகு ஒடிந்து போயிருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி குழம்பு தாளிக்கத் தாளிப்பு வடகம் டப்பாவைத் திறந்தேன். அடியில் இரண்டே இரண்டு உருண்டை.

எங்கள் புதுச்சேரி வீடுகளில் சித்திரை, வைகாசி வெயிலில் வடகம் போடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, மொட்டை மாடியில் நாள்கணக்கில் காயவைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதைத்தான் 'வடூவான்' என்று பெயர் மாற்றி மசாலாக் கடைகளில் விற்கிறார்கள். எனக்குக் கடைச் சரக்கு ஆகாது. அம்மா வருஷா வருஷம் போட்டு, கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பும் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகஸ்டுக்குள் பொட்டலம் வந்து சேரும்.

இந்த ஆகஸ்டில் வரவில்லை. 'ஆள் கிடைச்சிருக்காது' என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு விறகுக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. ஊரில் விடியும்வரை காத்திருந்து ஃபோன் செய்தேன்.

"அம்மா, இந்த வருஷம் வடகம் போடலையா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"வெயில் சரியில்லடி இந்த வருஷம்."

"முத்தியால்பேட்டையில வெயில் சரியில்லையா? அம்மா!"

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். "முட்டி மடக்க முடியலடி. மாடிப்படி ஏறியே ஆறு மாசமாச்சு. நீ அவ்ளோ தூரத்துல இருந்துகிட்டுக் கவலைப்படுவேன்னு சொல்லல."

வாரா வாரம் பேசுகிறேன். 'நல்லா இருக்கியா?' என்று கேட்பேன். 'நல்லா இருக்கேன்' என்பார். மாடிக்குப் போனாயா, துணி எங்கே காயவைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா அந்த வாரமே அம்மாவை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனாள். தேய்மானம்தான், மாத்திரையும் உடற்பயிற்சியும் ஆரம்பித்திருக்கிறார்கள். வரும் சித்திரைக்கு நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

"நானே மாடியில வடகம் போடுறேன். நீ கீழ திண்ணையில உட்கார்ந்து சொல்லிக்கிட்டே இரு" என்றேன்.

"உனக்கு உருட்டத் தெரியுமா? பெருசு பெருசா உருட்டினா உள்ள காயாது. வெங்காயத்தை மிக்ஸியில கிக்ஸியில போட்டுடப்போற!" என்று ஆரம்பித்தவர், பதினைந்து நிமிடம் நிறுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விரட்டிய முசியே குரலும் அம்மா குரலும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

அக்டோபர் கடைசியில் ஒரு பகல். சமையலறையில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மதாம்! மதாம்! கொக்கு!" என்று கத்தல். ஓடினேன். வானத்தில் நூற்றுக்கணக்கான பெருங்கொக்குகள், அம்பு முனை மாதிரி அணிவகுத்து, எக்காளம் ஊதுவது போலக் கத்திக்கொண்டு ஸ்பெயின் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வடக்கே குளிர் இறங்கிவிட்டது என்பதற்கான செய்தி அது.

"நான்தான் முதல்!" என்றார் முசியே, இடது கையை உயர்த்தி.

ஆனால் மொத்தக் கணக்கில் ஜெயித்தது நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டு, உடைத்த வால்நட் ஒரு கூடை கொடுத்தார். "பாதி உங்கள் அம்மாவுக்கு" என்றார். டிசம்பரில் ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பப்போகிறேன்.

கூடையை வாங்கும்போது சமையலறைக் கதவைப் பார்த்தேன். நாட்காட்டியில் கொக்கு வந்த நாளைப் பென்சிலால் குறித்திருந்தார். பக்கத்திலிருந்த செப்டம்பரில், ஒரு சனிக்கிழமைக்கு நேராகவும் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'விறகு வந்தது. பக்கத்து வீட்டார் அடுக்கினார்கள். அடுக்கியது சுமார்தான்.'